பனியன் கம்பெனியின் கட்டிங் வேஸ்ட்: சுழற்சி உற்பத்தியை எங்கே தொடங்குவது?

திருப்பூரில் இருபது முப்பது மெஷின் வைத்து பனியன் கம்பெனி நடத்துகிறவர்களுக்கும், அப்பா நடத்திய தொழிலுக்குள் இப்போதுதான் நுழைந்திருக்கும் இளைஞர்களுக்கும் இந்தக் கட்டுரை. வெளிநாட்டில் சரக்கு வாங்கும் பையரிடமிருந்து "ரீசைக்கிள்டு நூல் எத்தனை சதவீதம் போடுகிறீர்கள்? கழிவுத் துணியை என்ன செய்கிறீர்கள்?" என்று மெயில் வந்தவுடன் பலரும் சான்றிதழைப் பற்றி விசாரிக்கிறார்கள், இல்லையென்றால் மெஷினைப் பற்றி விசாரிக்கிறார்கள். இரண்டும் பிறகு வரவேண்டியவை. முதலில் பார்க்கவேண்டியது கட்டிங் டேபிளுக்குக் கீழே இருக்கும் சாக்கை. அதில் எதோடு எது கலந்து கிடக்கிறது என்பதை வைத்துத்தான் அந்தத் துணி மறுபடி நூலாகுமா, ஒர்க்‌ஷாப்பில் ஆயில் துடைக்கப் போகுமா, பாய்லரில் எரியுமா என்பது முடிவாகிறது.

சுழற்சிப் பொருளாதாரம் என்று சொல்லப்படுவதன் சாரம் இதுதான்: பஞ்சை நூலாக்கி, நூலைத் துணியாக்கி, துணியை உடுப்பாக்கி, கடைசியில் குப்பையில் போடும் ஒருவழிப் பாதையை மாற்றி, ஒரு முறை எடுத்த பஞ்சையும் தண்ணீரையும் உப்பையும் முடிந்தவரை திரும்பத் திரும்பப் பயன்படுத்துவது. உலக அளவில் உடுப்புக்காகச் செலவாகும் பொருளில் மறுபடியும் உடுப்பாக மாறுவது ஒரு சதவீதத்துக்கும் குறைவு என்று எல்லன் மெக்கார்த்தர் அறக்கட்டளை 2017-ல் கணக்கிட்டது. ஐரோப்பாவில் பெட்டி பெட்டியாகச் சேரும் பழைய துணியில் என்ன நார், என்ன சாயம், எத்தனை கலப்பு என்று யாருக்கும் தெரியாது. திருப்பூரிலும் டாக்காவிலும் கட்டிங் டேபிளில் விழும் துணியோ புதியது, சுத்தமானது, இன்ன நூல் இன்ன சாயம் என்று பில்லோடு தெரிந்தது. மறுசுழற்சிக்கு இதைவிட நல்ல மூலப்பொருள் கிடையாது. அது இருப்பது உற்பத்தி செய்யும் நாடுகளில், நம் கையில். வங்கதேசத்தில் 2019-ல் ஆயத்த ஆடை, துணி ஆலைகளிலிருந்து வந்த கழிவு ஏறத்தாழ 5.77 லட்சம் டன் என்றும், அதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக 100 சதவீதப் பருத்தி என்றும் ஒரு மதிப்பீடு வந்தது. பஞ்சை வெளிநாட்டிலிருந்து வாங்கும் ஒரு நாடு, அவ்வளவு பருத்தியைக் கழிவாக விட்டுக்கொண்டிருந்தது.

நமக்கு ஒரு வசதி உண்டு. வெள்ளகோவில், பல்லடம், மங்கலம், சோமனூர், உடுமலை பக்கம் ஓ.இ. மில்கள் (குட்டை நாரையும் நூலாக்கும் ‘ஓப்பன் எண்ட்’ முறை மில்கள்) பல வருடங்களாகக் கழிவுப் பஞ்சிலும் பனியன் வேஸ்டிலும் நூல் எடுக்கின்றன. சர்க்குலாரிட்டி என்ற சொல் இங்கே வந்து சேரும் முன்பே இந்த வேலை நடந்துகொண்டிருந்தது. நீங்கள் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. அந்தச் சங்கிலியோடு ஒழுங்காகச் சேர்ந்துகொண்டால் போதும்.

ஒரு மாதம் எடை போடுங்கள்

எந்த மாற்றமும் செய்யாமல், ஒரு மாதம் முழுக்க எடை மட்டும் எழுதுங்கள். கட்டிங்குக்குக் கொடுத்த துணி எத்தனை கிலோ, வெளியே போன நல்ல பீஸ் எத்தனை, ஒரு பீஸின் சராசரி எடை என்ன. இந்த மூன்றும் போதும்.

உதாரணத்துக்கு, ஒரு ஆர்டருக்கு 500 கிலோ துணி இறக்கினீர்கள் என்று வையுங்கள். 140 கிராம் எடையுள்ள டி‌ஷர்ட் 3,000 பீஸ் வெளியே போனது. 3,000 பெருக்கல் 140 கிராம், 420 கிலோ. மிச்சம் 80 கிலோ, அதாவது 16 சதவீதம். இந்த 80 கிலோ எங்கே போனது என்று இப்போது பிரித்துப் பாருங்கள். கட்டிங் வேஸ்ட் 58, ரோல் முனையில் மிஞ்சிய பிட் 8, டேமேஜ் பீஸ் 6, ஓவர்லாக் மெஷினில் வெட்டுப்பட்ட பிசிர் 5 என்று வந்தால், 3 கிலோவுக்குக் கணக்கு இல்லை. அந்த 3 கிலோவுக்காக யாரையும் சந்தேகப்பட வேண்டாம். பருத்தி காற்றிலிருந்து ஈரம் இழுக்கும். மழை நாளில் எடை போட்ட ரோலும் வெயில் நாளில் எடை போட்ட பீஸும் ஒத்துப்போகாது. ஆனால் 30 கிலோவுக்குக் கணக்கு இல்லை என்றால் விசாரிக்கத்தான் வேண்டும்.

டிசைனைப் பொறுத்துத் துணியில் 10 முதல் 20 சதவீதம் வரை கழிவாகப் போவது சகஜம். ‘நம்ம கம்பெனியில் அவ்வளவு போகாது’ என்று சொல்கிறவர்கள் பெரும்பாலும் கட்டிங் வேஸ்டை மட்டும் கணக்கில் எடுத்தவர்கள். ரோல் முனை, ஷேடு மாறிய துணி, டேமேஜ் பீஸ், சாம்பிளுக்குப் போனது எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள்.

குறைக்க முடிந்ததைக் குறைத்துவிடுங்கள்

மறுசுழற்சியைவிட லாபமானது கழிவே வராமல் பார்ப்பது. துணியாக வாங்கும்போது கொடுத்த கிலோ விலையும் வேஸ்ட்டாக விற்கும்போது கிடைக்கும் கிலோ விலையும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

கட்டிங் மாஸ்டரோடு உட்கார்ந்து மார்க்கரை, அதாவது துணியில் எந்தப் பாகத்தை எங்கே வெட்டுவது என்ற வரைபடத்தைப் பாருங்கள். ஒரே சைஸை வரிசையாக அடுக்காமல் பெரிய சைஸின் இடுக்கில் சிறிய சைஸைச் செருகினால் சில சதவீதம் மிஞ்சும். இதை விடவும் பெரிய மிச்சம் துணி அகலத்தில் இருக்கிறது. நிட்டிங் (துணி பின்னுதல்) கொடுக்கும்போதே டயாவையும் (பின்னும் மெஷினின் விட்டம்), காம்பாக்டிங் (துணியை அழுத்திச் சுருக்கி நிலைப்படுத்துதல்) கொடுக்கும்போது முடிவு அகலத்தையும் மார்க்கருக்கு ஏற்பச் சொல்லிவிடுங்கள். துணி வந்த பிறகு மார்க்கர் போட்டால், ஓரத்தில் மூன்று விரல் அகலத்துக்கு நீளமாகத் துணி வீணாகிக்கொண்டே இருக்கும். அப்புறம், ரோலைப் பிரித்தவுடன் லே போடாதீர்கள், அதாவது வெட்டுவதற்காக அடுக்கடுக்காக விரிக்காதீர்கள். பின்னல் துணி சுருங்கித் தன் நிலைக்கு வரட்டும் என்று ஓர் இரவு விட்டு வெட்டினால் அளவு தப்பிய பீஸ் குறையும்.

பெரிய பிட்களில் பாக்கெட், கழுத்துப் பட்டி, குழந்தைத் தொப்பி, கையுறை எடுக்கலாம். ஒரே லாட், ஒரே ஷேடு என்றால் மட்டும் இதைச் செய்யுங்கள். ஷேடு மாறிப்போய் முழு பீஸும் ரிஜெக்ட் ஆனால் மிச்சம் பிடித்ததைப்போல பல மடங்கு நஷ்டம்.

டேமேஜுக்காக ஆர்டரைவிடக் கூடுதலாக வெட்டும் பழக்கம் எல்லோரிடமும் இருக்கிறது. உங்கள் டேமேஜ் கணக்கு கையில் இருந்தால், தேவையான அளவு மட்டும் கூடுதலாக வெட்டலாம். இல்லையென்றால் மிஞ்சியது திருப்பூரின் மிச்ச உடுப்புச் சந்தையான காதர்பேட்டைக்குத்தான் போகும். காதர்பேட்டை நல்ல சந்தைதான், அங்கே வாங்கிப் பிழைக்கிறவர்கள் நிறையப் பேர். ஆனாலும் செலவு செய்து தைத்த பீஸை அடிமாட்டு விலைக்குக் கொடுப்பதற்காக யாரும் தைப்பதில்லை.

பிரிப்பதில்தான் முக்கால்வாசி வேலை இருக்கிறது

இங்கே கொஞ்சம் நின்று நிதானமாகப் பார்ப்போம். சுழற்சி உற்பத்தி என்ற பெரிய பேச்சு கடைசியில் வந்து நிற்பது இந்த இடத்தில்தான்.

ஒரு சாதாரண சாக்கைப் பிரித்துக் கொட்டினால் என்ன கிடைக்கும்? நீலநிற சிங்கிள் ஜெர்சி வெட்டுத் துண்டுகள், அதே நீலத்தில் கழுத்து ரிப் (கழுத்தில் தைக்கும் வரிப் பின்னல் பட்டி), மார்க்கர் காகிதக் கீற்று, பாலித்தீன் கவர், நம்பர் ஸ்டிக்கர் ஒட்டிய பேனல், ஓவர்லாக் பிசிர், ஒரு டீ கப், சில சமயம் உடைந்த ஊசி முனை. கண்ணுக்கு எல்லாம் நீலமாகத் தெரியும். மில்காரருக்கு அது ஐந்தாறு வெவ்வேறு பொருள்.

இதில் அதிகம் ஏமாற்றுவது கழுத்து ரிப். உடல் துணி 100 சதவீதப் பருத்தியாக இருக்கும், ரிப்பில் மட்டும் லைக்ரா என்ற இழுபடும் இழை கலந்திருக்கும். ஒரே டேபிளில் வெட்டி ஒரே சாக்கில் போடுகிறோம். கிழிக்கும் மெஷினில் முள் பதித்த உருளைகள் துணியைப் பிய்த்து நாராக்குகின்றன. பருத்தி பிய்யும், லைக்ரா பிய்யாது. இழுபட்டு, சுருண்டு, பஞ்சோடு முடிச்சு முடிச்சாக ஒட்டிக்கொள்ளும். அந்த முடிச்சு நூலில் ஏறி, நூல் அறுந்து, மில் நிற்கும். ஒரு சாக்கில் கொஞ்சம் லைக்ரா இருந்தால் முழுச் சாக்குக்கும் விலை விழுவது இதனால்தான்.

சந்தேகமாக இருந்தால் துண்டின் ஓரத்தில் ஓர் இழையை உருவி இழுத்துப் பாருங்கள். பருத்தி இழையோடு மெல்லிய, நிறமில்லாத, ரப்பர்போல நீண்டு திரும்பும் இழை வந்தால் லைக்ரா. பாலியஸ்டரைப் பார்க்கச் சின்ன இழையைக் கொளுத்தினால் போதும், குடோனுக்கு வெளியே வைத்துச் செய்யுங்கள். பருத்தி காகிதம்போல எரிந்து ஊதினால் பறக்கும் சாம்பல் விடும். பாலியஸ்டர் உருகி, ஆறியதும் கெட்டியான மணியாக நிற்கும். பஞ்சும் பாலியஸ்டரும் கலந்திருந்தால் எரியவும் செய்யும், கையில் நெருடவும் செய்யும்.

எத்தனை சாக்கு வைப்பது? சிறிய கம்பெனிக்கு ஆறு போதும் என்பது என் கருத்து. வெள்ளைப் பருத்தி ஒன்று, வெளிர் நிறப் பருத்தி ஒன்று, அடர் நிறப் பருத்தி ஒன்று, மெலாஞ்சும் (பல நிற நார் கலந்த துணி) பாலியஸ்டர் கலப்பும் ஒன்று, லைக்ரா எல்லாம் ஒன்று, பிரிண்ட் போட்டதும் தைத்த டேமேஜும் ஒன்று. ஒரே நிறத்தில் பெரிய ஆர்டர் ஓடும்போது அந்த நிறத்துக்கென்று தனிச் சாக்கு. பத்து பன்னிரண்டு வகை வைத்தால் முதல் வாரம் ஒழுங்காக நடக்கும், அவசர ஷிப்மெண்ட் வந்தவுடன் எல்லாம் ஒன்றாகிவிடும்.

பிரிப்பதை மாலையில் கடைசி வேலையாக வைக்காதீர்கள். லே வெட்டி முடிந்தவுடன், அடுத்த லே விரிக்கும் முன், அந்தத் துணிக்குரிய சாக்கில் அதைப் போட்டுவிட வேண்டும். அந்த நேரத்தில் எல்லாம் ஒரே துணி, பிரிக்கவே வேண்டியதில்லை. தரையில் விழ விட்டு, கூட்டி அள்ளி, பிறகு பிரித்தால் அதற்குத் தனியாக ஆள் வேண்டும், கூடவே தூசியும் எண்ணெயும் சேரும். டேபிள் ஓரத்தில் சாக்கை மாட்ட ஒரு இரும்பு வளையம் அடித்துக்கொண்டால் ஆகும் செலவு சொற்பம்.

சாக்கின் மேல் ஒரு அட்டை: என்ன நார், என்ன சதவீதம், நிறம், லாட் நம்பர், தேதி, எடை. பின்னால் சான்றிதழுக்குப் போகும்போது இந்த அட்டைதான் உங்கள் ஆவணம். சாக்கைத் தரையில் வைக்காமல் பலகை மேல் வையுங்கள், நனைந்து பூஞ்சை பிடித்த துணியை மில் எடுக்காது.

உலோகத்தைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். ஊசி முனையோ பட்டனோ ஜிப்போ கிழிக்கும் மெஷினுக்குள் போனால் தீப்பொறி வரும். சுற்றிலும் பஞ்சுத் தூசி. கழிவுப் பஞ்சு குடோன்களில் தீ பிடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். உடைந்த ஊசியின் எல்லாத் துண்டையும் தேடி ஒட்டி வைக்கும் பழக்கம் பையருக்காக ஏற்கெனவே உங்களிடம் இருக்கும். அதே கண்டிப்பு வேஸ்ட் சாக்குக்கும் வேண்டும்.

நீங்கள் பிரிக்காமல் அனுப்பினாலும் வேறு யாரோ பிரிக்கத்தான் போகிறார்கள். வேஸ்ட் குடோன்களில் தரையில் உட்கார்ந்து நாள் முழுக்க நிறம் பிரிப்பது பெரும்பாலும் பெண்கள். வெளிச்சம் குறைவு, தூசி அதிகம். பருத்தித் தூசியை வருடக்கணக்கில் சுவாசித்தால் நுரையீரல் கெடும், அதற்கென்றே மருத்துவத்தில் பெயரிட்ட நோய் இருக்கிறது. உங்கள் கம்பெனிக்குள் பிரிக்க ஆள் வைத்தால் மேசை போடுங்கள், காற்றை வெளியே இழுக்கும் ஃபேன் போடுங்கள், முகக் கவசம் கொடுங்கள், பி.எஃப்., இ.எஸ்.ஐ.யில் சேருங்கள். கிலோ கணக்கில் கூலி கொடுத்தால் வேகம் கூடும், தரம் குறையும். நாள் கூலிதான் சரி. பூமியைக் காப்பாற்றுகிறோம் என்று டேக்கில் அச்சடித்துவிட்டு, அந்தத் துணியைப் பிரித்தவருக்கு மாஸ்க் கூடக் கொடுக்காமல் இருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

யாருக்கு, எப்படி விற்பது

இப்போது பெரும்பாலும் நடப்பது இது. வேஸ்ட் வியாபாரி வருகிறார், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ரேட் பேசுகிறார், வண்டியில் ஏற்றுகிறார். அங்கிருந்து குடோன், தரம் பிரிப்பு, பிறகு ஓ.இ. மில், துடைக்கும் துணி, மெத்தைப் பஞ்சு, எரிபொருள் என்று நாலாபக்கமும் போகிறது. எது எங்கே போனது என்று உங்களுக்குத் தெரியாது.

பிரித்து வைத்த பிறகு தரவாரியாக ரேட் கேளுங்கள். சுத்தமான வெள்ளைப் பருத்திக்கு எப்போதும் விலை அதிகம், கலப்படச் சாக்குக்குக் குறைவு. அந்த வித்தியாசம்தான் உங்கள் உழைப்புக்கான கூலி. நேராக மில்லுக்கே கொடுத்துவிடலாமே என்று தோன்றும். மாதம் சில நூறு கிலோ மட்டும் வருகிற கம்பெனியிடம் மில் நேராக வாங்காது, அதற்கு லோடு கணக்கில் ஒரே தரம் வேண்டும். உங்களைப்போல இருபது கம்பெனியிடம் சேகரித்து லோடு ஆக்கித் தருகிறவர் அந்த வியாபாரிதான். அவரை ஒதுக்காமல், எடைச் சீட்டு, பில், எந்த மில்லுக்குப் போகிறது என்ற விவரம், இந்த மூன்றையும் அவரிடம் கேட்டு வாங்குங்கள். நூல் கழிவுக்கும் கிழித்த பஞ்சுக்கும் எச்.எஸ்.என். (பில்லில் போடும் சரக்கு வகை) குறியீடு 5202, துணித் துண்டுக்கு 6310. பில்லில் எதைப் போடுவது என்று ஆடிட்டரிடம் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

வங்கதேசத்தில் இந்தக் கழிவுக்கு ‘ஜுட்’ என்று பெயர். அங்கே ஜுட் எடுக்கும் உரிமை பல இடங்களில் உள்ளூர் அரசியல் பலம் உள்ளவர்கள் கையில் இருந்தது, எது எங்கே போகிறது என்பது மூடுமந்திரமாகவே இருந்தது. 2020-ல் தொடங்கிய ஒரு கூட்டு முயற்சியில் பிராண்டுகள், கார்மெண்ட் ஆலைகள், மறுசுழற்சி செய்கிறவர்கள் மூவரையும் சேர்த்து, கழிவை இடத்திலேயே பிரித்து எடை பதிவு செய்து அனுப்பத் தொடங்கினார்கள். அங்கும் முதல் படி சாக்கைப் பிரிப்பதாகத்தான் இருந்தது.

திரும்பி வரும் நூலை எதில் போடலாம்

துணியைப் பிய்க்கும்போது நார் உடைந்து குட்டையாகிறது. நல்ல சங்கர் ரகப் பஞ்சின் நார் நீளம் ஏறத்தாழ 28, 29 மில்லிமீட்டர். பிய்த்து எடுத்த நாரில் பெரும்பகுதி அதில் பாதிகூட இருக்காது. குட்டை நாரை மட்டும் வைத்து வழக்கமான ரிங் நூற்பு மெஷினில் நல்ல மெல்லிய நூல் எடுக்க முடியாது. அதனால்தான் ஓப்பன் எண்ட், அதனால்தான் புதுப் பஞ்சோ பாலியஸ்டரோ கலப்பு. பாலியஸ்டரில் பழைய பெட் பாட்டிலை உருக்கி எடுத்த நாரும் உண்டு.

இந்த நூல் மெத்தை விரிப்பு, லுங்கி, கையுறை, தரை துடைக்கும் மாப் என்று பல காலமாகப் போகிறது. கரூரின் வீட்டு உபயோகத் துணிகளிலும் அது இருக்கிறது. பானிபட்டில் பழைய கம்பளி உடுப்பைக் கிழித்துப் போர்வை நெய்கிறார்கள். பனியன் துணிக்கு வேண்டுமென்றால் தடித்த ரகத்தில் தொடங்குங்கள். 20-ஆம் நம்பர் நூலில் ஹூடி, ஸ்வெட்ஷர்ட், தடித்த டி‌ஷர்ட், பை எல்லாம் நன்றாக வரும். 150 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 150 கிராம்) மெல்லிய டி‌ஷர்ட்டில் முதல் முயற்சி செய்யவேண்டாம். பஞ்சு உருண்டு திரளும், துணியின் வலிமை குறையும், பையர் டெஸ்டில் தோற்கும், அப்புறம் ரீசைக்கிள்டு என்றாலே வேண்டாம் என்று வீட்டில் பெரியவர்கள் சொல்லிவிடுவார்கள். 20, 30 சதவீதக் கலப்பில் தொடங்கி, பில்லிங் (பஞ்சு உருண்டு திரள்வது), பர்ஸ்டிங் (அழுத்தத்தில் துணி கிழிவது), சுருக்கம் மூன்றையும் பரிசோதித்துவிட்டு மேலே போங்கள்.

நிறம் பிரித்த வேஸ்டில் எடுத்த நூலுக்குச் சாயம் தேவையில்லை. அடர் நீலச் சாக்கிலிருந்து அடர் நீல நூல். கெமிக்கல், தண்ணீர், ஆவி மூன்றும் மிச்சம். ஆனால் ஷேடு கார்டில் உள்ளதுபோல அச்சு அசலாக வராது, லாட்டுக்கு லாட் மாறும். மெலாஞ்ச், கிரிண்டில் மாதிரி டிசைனாக முதலிலேயே பையரிடம் ஒப்புதல் வாங்கிவிட்டால் அந்த மாற்றமே அழகாகிவிடும். சாம்பிள் அனுப்பும்போது ஒரே துண்டு அனுப்பாமல் வெளிர், நடு, அடர் என்று மூன்று துண்டு அனுப்பி, ‘இந்த எல்லைக்குள் வரும்’ என்று எழுத்தில் வாங்குங்கள்.

கெமிக்கலில் கரைத்துப் புதுநாராக்கும் முறைகள் பற்றியும் படிப்பீர்கள். நம்பிக்கை தருபவைதான். ஆனால் அந்தத் துறையில் முன்னோடியாக இருந்த ஸ்வீடனின் ரெனியூசெல் போதிய ஆர்டர் இல்லாமல் 2024 பிப்ரவரியில் திவாலானது, பிறகு வேறு முதலீட்டாளர் கைக்கு மாறியது. இன்றைக்கு உங்களால் லோடு அனுப்ப முடிந்த இடம் கிழிக்கும் மெஷின்தான்.

சாயமும் தண்ணீரும்: நொய்யல் சொன்ன பாடம்

திருப்பூரில் சுழற்சியைப் பற்றிப் பேசிவிட்டு நொய்யல் ஆற்றைத் தாண்டிப் போக முடியாது. பருத்திக்குச் சாயம் ஏற உப்பு வேண்டும், அதுவும் லிட்டருக்குப் பத்துக் கணக்கான கிராம். பல வருடங்கள் அந்த உப்பும் சாயமும் ஆற்றில் போயின. 1992-ல் பாசனத்துக்காகக் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணையில் சாயக் கழிவு தேங்கியது. அணை கட்டியதற்காக மகிழ்ந்திருக்க வேண்டிய விவசாயிகளே, தண்ணீரைத் தேக்காதீர்கள் என்று கேட்கும் நிலை வந்தது. அவர்கள் நீதிமன்றம் போனார்கள். 2011 ஜனவரி 28-ல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. வேலையை நம்பி வந்தவர்கள் மூட்டை கட்டி ஊர் திரும்பினார்கள்.

அதற்குப் பிறகு நிலைபெற்றதுதான் இன்றைய கழிவுநீர் பூஜ்ய வெளியேற்ற முறை. பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் கழிவுநீரைச் சுத்தம் செய்து, ஆர்.ஓ. சவ்வு வழியாகத் தண்ணீரைப் பிரித்துப் பட்டறைக்கே திருப்பி அனுப்புகிறார்கள். மிஞ்சும் உப்புக் கரைசலைக் காய்ச்சி உப்பை எடுக்கிறார்கள், அதுவும் சாயத்துக்கே திரும்பப் போகிறது. உலகத்தில் ஒரு ஊரே இந்த அளவில் சாயத் தண்ணீரைச் சுழற்சியில் ஓட்டுவது அபூர்வம். செலவு அதிகம், காய்ச்சுவதற்கு எரிபொருள் வேண்டும், பயன்படுத்த முடியாத கலப்பு உப்பு இன்னும் தேங்கிக்கொண்டிருக்கிறது. பிரச்சினை முழுக்கத் தீரவில்லை.

புதிதாக வருகிறவர்கள் இதிலிருந்து எடுத்துக்கொள்ள இரண்டு விஷயம் இருக்கிறது. ஜாப் ஒர்க்குக்குக் கொடுக்கும் பட்டறை எந்தச் சுத்திகரிப்பு நிலையத்தோடு சேர்ந்தது, அனுமதி நடப்பில் இருக்கிறதா என்று கேட்டு நகல் வாங்குங்கள். கிலோவுக்கு இரண்டு ரூபாய் குறைவு என்று ராத்திரியில் திறந்துவிடும் பட்டறைக்குப் போகாதீர்கள். இன்னொன்று, அன்றைக்குப் பட்டறைகள் தாமாகச் செய்யாததை நீதிமன்றம் கட்டாயமாகச் செய்ய வைத்தது. துணிக் கழிவில் அப்படி ஒரு நாள் வருமுன் தயாராக நமக்கு இன்னும் அவகாசம் இருக்கிறது.

காகிதங்கள்

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். ரீசைக்கிள்டு என்று சொல்லி விற்க அதிகம் கேட்கப்படுபவை ஆர்.சி.எஸ். (ரீசைக்கிள்டு கிளைம் ஸ்டாண்டர்ட்), ஜி.ஆர்.எஸ். (குளோபல் ரீசைக்கிள்டு ஸ்டாண்டர்ட்) என்ற இரண்டு சான்றிதழ்கள். இரண்டும் டெக்ஸ்டைல் எக்ஸ்சேஞ்ச் அமைப்பின் தரநிலைகள். ஆர்.சி.எஸ்.ஸுக்கு ரீசைக்கிள்டு பொருள் 5 சதவீதம் இருந்தால் போதும், பொருள் எங்கிருந்து எங்கே வந்தது என்பதை மட்டும் பார்க்கும். ஜி.ஆர்.எஸ்.ஸுக்குக் குறைந்தது 20 சதவீதம், கடையில் உடுப்பின் மேல் அந்த லேபிளைப் போட 50 சதவீதம். அதோடு தொழிலாளர் நலன், சுற்றுச்சூழல், கெமிக்கல் மூன்றையும் அது சோதிக்கும். நீங்கள் வேஸ்ட் கொடுப்பவர் மட்டும் என்றால் உறுதிமொழிப் படிவமும் எடைக் கணக்கும் போதும். அந்த நூலில் துணி தைத்து ரீசைக்கிள்டு என்று விற்கப் போகிறீர்கள் என்றால் உங்களுக்கும் சான்றிதழ் வேண்டும், ஒவ்வொரு லாட்டுக்கும் நூல் விற்றவர் தரும் பரிவர்த்தனைச் சான்றும் வேண்டும். அது கையில் வராமல் டேக் அச்சடிக்காதீர்கள். உங்கள் டேபிளில் மிஞ்சிய பிட்டில் பாக்கெட் தைத்ததை ரீசைக்கிள்டு என்று கணக்குக் காட்டவும் கூடாது. அது மிச்சம் பிடித்தது மட்டுமே.

ஐரோப்பாவில் 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த சூழல்சார் வடிவமைப்புச் சட்டத்தின்படி, 2026 ஜூலை 19 முதல் பெரிய நிறுவனங்கள் விற்காத உடுப்பை அழிக்கக் கூடாது. ஒவ்வொரு பொருளுக்கும் டிஜிட்டல் பாஸ்போர்ட் என்ற திட்டமும் அதே சட்டத்தில் இருக்கிறது. அதற்குத் தேவையான நார் விவரம், சாய விவரம் எல்லாம் கடைசியில் உங்களிடம்தான் கேட்கப்படும். இந்தக் கூடுதல் வேலைக்கான செலவை காஸ்டிங் ஷீட்டில் தனி வரியாகவே போடுங்கள். விதி போடுவது அங்கே, லேபிளில் பெயர் வாங்குவது பிராண்ட், செலவு முழுவதும் திருப்பூர் தலையில் என்பது நியாயமில்லை. கேட்டால் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள், கேட்காதவர்களுக்கு யாரும் தருவதில்லை.

டிசைன் பையருடையது என்றாலும் சாம்பிள் கட்டத்தில் வாய் திறக்கலாம். உடலும் ரிப்பும் லைக்ரா இல்லாத ஒரே நார், கனமான ரப்பர் பிரிண்ட்டுக்குப் பதில் வாட்டர் பேஸ் பிரிண்ட், தனி லேபிளுக்குப் பதில் உள்ளே அச்சு. இந்த மூன்றையும் ஒப்புக்கொண்டால் உங்கள் சாக்கும் சுத்தமாகும், ஐந்து வருடம் கழித்துக் கழித்துப்போடும் பனியனும் எளிதாகப் பிரியும். இன்றைக்கு அந்தப் பழைய பனியன்களில் ஒரு பகுதி கானாவின் அக்ராவில் உள்ள கன்டமன்டோ போன்ற பழைய துணிச் சந்தைகளுக்குப் போய், விற்காததில் கொஞ்சம் அங்குள்ள கடற்கரையில் ஒதுங்குகிறது. வெட்டுத் துண்டை மட்டும் சுழற்சியில் விட்டுவிட்டு, தேவைக்கு மேல் தைத்துக்கொண்டே போனால் இது நிற்காது. அந்த முடிவு பையர் கையில் இருக்கிறது என்பதையும் நாம் வெளிப்படையாகச் சொல்லத்தான் வேண்டும்.

முதல் லாட்

மூன்று மாதம் சாக்கு பிரித்து, எடைப் புத்தகம் ஒழுங்காக ஓடிய பிறகு முதல் லாட் நூலுக்குப் போங்கள். ஒரே நிறம், 100 சதவீதப் பருத்தி, லைக்ரா துளியும் இல்லாத சாக்குகளாகத் தேர்ந்தெடுங்கள். உங்களிடம் போதாவிட்டால் அக்கம்பக்கத்தில் அதே நிறம் ஓடும் கம்பெனியோடு சேர்ந்து கொடுக்கலாம். மில்லுக்கு நேரில் போய்க் கிழிக்கும் இடத்தைப் பாருங்கள், உங்கள் சாக்கைத் தனியாக ஓட்ட முடியுமா, குறைந்தது எத்தனை கிலோ வேண்டும், கலப்புக்கு எந்தப் பஞ்சு போடுவார்கள், தூசியாக எத்தனை சதவீதம் போகும் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வந்த நூலில் ஒரு கோனைக் கோவையில் உள்ள ஜவுளி ஆராய்ச்சி நிலையமான சிட்ராவுக்கு அனுப்பிப் பலம், ஒழுங்கு இரண்டையும் பாருங்கள். பிறகு ஒரு ரோல் மட்டும் நிட்டிங் செய்து, துவைத்து, பத்து பீஸ் தைத்து, உங்கள் கம்பெனி டெய்லர்களுக்கே போட்டுக்கொள்ளக் கொடுங்கள். ஒரு மாதம் கழித்து கழுத்தும் அக்குளும் எப்படி இருக்கின்றன என்று அவர்களிடமே கேளுங்கள். அது சரியாக இருந்தால் பையருக்குச் சாம்பிள் அனுப்பலாம்.